அத்தியாயம் 7: டிசிபி – மூட்டையில் எழுதியிருப்பதும் எலும்பில் சேர்வதும்

ஒரு டன் கறிக்கோழித் தீவனத்தில், பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டிசிபி பத்து கிலோவிலிருந்து பதினெட்டு கிலோ வரைதான் போகிறது. மக்காச்சோளம் ஐந்நூறு கிலோவுக்கு மேல், சோயாப் புண்ணாக்கு முந்நூறுக்கு மேல். அதனால் பரமத்தி வேலூர், மோகனூர், நாமக்கல் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைக்கிறவர்கள் மக்காச்சோளத்தின் ஈரத்தை லாரிக்கு லாரி பார்க்கிறார்கள்; சோயாவில் புரதம் எவ்வளவு என்று மல்லுக்கு நிற்கிறார்கள்; டிசிபியை மட்டும் விலை கேட்டு இறக்கிக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புரதம் குறைந்தால் வாராந்திர எடையிலேயே தெரிந்துவிடும். பாஸ்பரஸ் கொஞ்சமாகக் குறைந்தால் முதலில் அடிபடுவது எலும்பு. எடை அதற்குப் பிறகுதான் இறங்கும். உடம்பிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 80 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. சதை வளர்ச்சிக்குத் தட்டுப்பாடு வந்தால் கோழி அங்கிருந்து எடுத்துச் சமாளிக்கும். 35 நாளில் இரண்டு கிலோவைத் தொடும் இனத்தில், எடை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதே எலும்பு பலவீனமாக இருக்கலாம். பிடித்து வண்டியில் ஏற்றும் இரவில்தான் முறிந்த கால்களும் இறக்கைகளும் கணக்கைச் சொல்லும். எடையை மட்டும் வைத்து ஒரு டிசிபி நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யக் கூடாது என்பதை இந்த அத்தியாயம் முழுக்க மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் முட்டைக்குப் பேர்போன மாவட்டம். கறிக்கோழி இங்கே பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சும் தீவனமும் நிறுவனம் தருவது, ஷெட்டும் உழைப்பும் பண்ணையாளருடையது. ஒப்பந்தத்தில் வளர்ப்பவருக்கு டிசிபியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. என்றாலும் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி அவருக்கும் பயன்படும். நடுப்பகுதி சொந்த மில் வைத்திருப்பவருக்கும், நாலைந்து பண்ணைகள் சேர்ந்து அரைத்துக்கொள்பவர்களுக்கும்.

மூட்டைக்குள் இருப்பது என்ன

டிசிபி என்றால் டைகால்சியம் பாஸ்பேட். நீர் சேர்ந்த வடிவில் தூய சரக்கின் பாஸ்பரஸ் 18 சதவீதம், கால்சியம் 23.3 சதவீதம். நீர் நீங்கிய வடிவில் 22.8, 29.5. மோனோகால்சியம் பாஸ்பேட் என்னும் எம்சிபியில் பாஸ்பரஸ் 24.6, கால்சியம் 16 சதவீதத்தை ஒட்டி. இரண்டும் கலந்த எம்டிசிபி சந்தையில் 21 சதவீத பாஸ்பரஸ் என்று வருகிறது. எலும்புத் தூளில் பாஸ்பரஸ் 12 சதவீதம்தான், கால்சியம் அதைப்போல் இரண்டு பங்கு.

டிசிபி இரண்டு வழியில் பிறக்கிறது. ஒன்று பாறை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் பாறை பாஸ்பேட் வெட்டுகிறார்கள். அது நாட்டுக்குப் போதாது என்பதால் ஜோர்டான், மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளிலிருந்தும் வருகிறது. பாறையை அமிலத்தில் கரைத்து, புளூரினைப் பிரித்து, சுண்ணாம்பு சேர்த்துப் படியவைத்தால் டிசிபி. இன்னொன்று எலும்பு. ஜெலட்டின் தொழிலுக்காக மாட்டெலும்பை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். தாது கரைந்து வெளியேற, ஓசீன் என்னும் புரதப்பகுதி மிஞ்சும். வெளியேறிய அமிலக் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தால் அதுவும் டிசிபி. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் காதிக்குடம் ஆலையிலிருந்து வருவது இந்த வகை. எலும்பு வழி வந்ததில் புளூரின் பொதுவாகக் குறைவு. பாறை வழி வந்ததில் ஆலை எவ்வளவு ஒழுங்காகப் புளூரினை நீக்கியது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

உரக்கடையில் விற்கும் பாறை பாஸ்பேட்டையோ சூப்பர் பாஸ்பேட்டையோ தீவனத்தில் போடவே கூடாது. பச்சைப் பாறையில் புளூரின் மூன்று, நான்கு சதவீதம் இருக்கும். விலை மலிவு என்று யோசனை சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்க வேண்டாம்.

மாதிரி எடுப்பது

மேலே இருக்கும் ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்புவது வீண் செலவு. நூறு மூட்டை வந்தால் அங்கங்கே பத்து மூட்டையைத் தேர்ந்து, குத்தூசியை மூலைவாட்டில் அடிவரை செருகி எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியைத் திரும்பக் கலக்க வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு வந்ததும் நிறுத்தி, அரை அரைக் கிலோவாக மூன்று உறை. ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று விற்றவருக்கு, ஒன்று உங்கள் அலமாரிக்கு. உறையில் தேதி, பேட்ச் எண், வண்டி எண் எழுதி, இறக்கிய டிரைவரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். தகராறு வந்தால் மூன்றாவது உறைதான் பேசும்.

ஆய்வகத்துக்கு அனுப்புமுன் மில்லிலேயே ஒரு சோதனை. ஒரு கண்ணாடித் தம்ளரில் இரண்டு தேக்கரண்டி சரக்கைப் போட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுங்கள், கையுறை கட்டாயம். நல்ல டிசிபி சத்தமில்லாமல் கரையும், இரண்டொரு குமிழி வந்தாலும் பரவாயில்லை. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறது. கரைந்த பிறகு அடியில் நரநரவென்று தங்குவது மணல். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. டிசிபி விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. 2008இல் உலகச் சந்தையில் பாறை பாஸ்பேட் விலை பல மடங்கு ஏறியது போன்ற காலங்களில் இந்தத் தம்ளர் சோதனையை வண்டிக்கு வண்டி செய்வது நல்லது. ஆனால் ஜிப்சம் கலந்திருந்தால் நுரைக்காது. நிறத்தை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. வெள்ளை வெளேரென்று இருப்பது சுண்ணாம்பாகவும் இருக்கலாம்.

ஆய்வக அறிக்கையை வாசிப்பது

நாமக்கல்லை அடுத்த லத்துவாடியில், 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கால்நடைத் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. நம் பகுதி மில்களுக்குக் கூப்பிடு தூரம். மொத்த பாஸ்பரஸ், கால்சியம், ஈரம், அமிலத்தில் கரையாத சாம்பல் இவை நான்கும் குறைந்தபட்சம். புளூரினையும், 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் கரையும் பாஸ்பரஸையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு ஆய்வகத்தில் செய்யாத சோதனையை வேறொன்றில் செய்துகொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, பாஸ்பரஸ் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. சிலர் பாஸ்பரஸ் பென்டாக்சைடாக 41 சதவீதம் என்று போடுவார்கள். அதை 0.436 ஆல் பெருக்கினால் 18 சதவீத பாஸ்பரஸ். 41 என்ற எண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு.

அடுத்து, கால்சியத்தைப் பாஸ்பரஸால் வகுத்துப் பாருங்கள். பணமே செலவில்லாத இந்த வகுத்தல் பல மோசடியைக் காட்டிக்கொடுக்கும். டிசிபி நீர் சேர்ந்ததானாலும் நீங்கியதானாலும், ஈரம் கூடினாலும் குறைந்தாலும், இந்த விகிதம் 1.3ஐ ஒட்டியே நிற்கும். எம்டிசிபியில் ஒன்றை ஒட்டியோ அதற்குக் கீழாகவோ வரும். டிசிபி என்று வாங்கிய சரக்கின் அறிக்கையில் பாஸ்பரஸ் 15.5, கால்சியம் 25.5 என்று இருந்தால் விகிதம் 1.64. ஈரம் கூடியதால் பாஸ்பரஸ் குறைந்தது என்று வியாபாரி சொல்வார். ஈரம் கூடினால் கால்சியமும் கூடவே குறைந்திருக்க வேண்டும், ஏறியிருக்கக் கூடாது. நூறு கிலோவில் சுமார் 14 கிலோ சுண்ணாம்புக்கல் என்பதே அந்த எண்களுக்குப் பொருத்தமான விளக்கம். விகிதம் இரண்டை நெருங்கினால் எலும்புத் தூளோ பாறைத் தூளோ கலந்திருக்கும் சந்தேகமும் உண்டு.

புளூரினுக்கு நினைவில் வைக்க எளிதான வரம்பு, பாஸ்பரஸ் நூறு பங்குக்கு புளூரின் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 18 சதவீத சரக்கில் 0.18 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் தீவன பாஸ்பேட்டுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் இதற்கு அருகில்தான்: கிலோவுக்கு 2000 மில்லிகிராம். காட்மியத்துக்கு அங்கே கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஈயத்துக்கு 15. குடிநீரிலேயே புளூரைடு மிகுந்த ஊர்களில் பண்ணை வைத்திருப்பவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம். தண்ணீர் வழியாகவும் தீவனம் வழியாகவும் வருவது கோழிக்கு ஒரே கணக்கில்தான் சேர்கிறது.

சிட்ரிக் அமிலக் கரைதிறன் நல்ல டிசிபியில் 95 சதவீதம் வரை வரும். பதப்படாத பாறையில் பாதிகூட வராது. இந்த எண் குறைவாக இருந்தால் சரக்கைத் தள்ளிவிடலாம். கூடுதலாக இருந்தால் கோழியும் அதே அளவு ஜீரணிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அமிலத் தம்ளர் வேறு, குஞ்சின் குடல் வேறு. அதற்குத்தான் பின்னால் வரும் கோழிச் சோதனை.

விலையைக் கிலோ பாஸ்பரஸில் கேளுங்கள்

மூட்டை விலையை விட்டுவிட்டு ஒரு கிலோ பாஸ்பரஸ் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். கணக்குக்காக விலையை இப்படி வைத்துக்கொள்வோம். 18 சதவீத டிசிபி கிலோ 45 ரூபாய் என்றால் பாஸ்பரஸ் கிலோ 250 ரூபாய். 16 சதவீத சரக்கு 38 ரூபாய் என்றால் 237.50. மலிவு போலத் தெரிகிறது. இப்போது கரைதிறனையும் சேருங்கள். முதலாவதில் 95 சதவீதம் கரைந்தால் கரையும் பாஸ்பரஸ் கிலோ 263 ரூபாய். இரண்டாவதில் 70 சதவீதம்தான் என்றால் 339 ரூபாய். சரக்கில் கிலோவுக்கு ஏழு ரூபாய் மிச்சம் என்று வாங்கியது, கரையும் பாஸ்பரஸில் கிலோவுக்கு எழுபது ரூபாய்க்கு மேல் தண்டம்.

எம்டிசிபி கிலோ 60 ரூபாய்க்கு வந்தால் பாஸ்பரஸ் கிலோ 286 ரூபாய். கணக்குப்படி விலை கூடுதல்தான். ஆனால் டன்னுக்கு இரண்டு மூன்று கிலோ இடம் மிச்சமாகும். பிரீ-ஸ்டார்ட்டரில் அந்த இடம் மதிப்புள்ளது. பினிஷருக்கு எம்டிசிபி தேவையில்லை என்பது என் எண்ணம்.

தீவனத்தில் எவ்வளவு

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வெளியிட்ட அட்டவணை கறிக்கோழிக்கு முதல் மூன்று வாரம் கால்சியம் 1 சதவீதம், பைட்டேட்டில் சிக்காத பாஸ்பரஸ் 0.45 சதவீதம் என்கிறது. அடுத்த மூன்று வாரம் 0.9, 0.35. இன்றைய இனங்களுக்கு அவற்றின் நிறுவனங்கள் தரும் கையேடுகள் வேறு எண் சொல்லும். உங்கள் இனத்தின் கையேட்டையே பின்பற்றுங்கள். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்னும் பூட்டுக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கும் நொதி கோழிக் குடலில் போதுமான அளவு இல்லை. மக்காச்சோளத்தின் மொத்த பாஸ்பரஸ் 0.28 சதவீதம் என்றாலும் பூட்டாதது 0.08 மட்டுமே, சோயாப் புண்ணாக்கில் 0.65க்கு 0.27. ஸ்டார்ட்டரில் மக்காச்சோளம் 55, சோயா 38 பங்கு என்றால் இரண்டும் சேர்ந்து தருவது ஏறத்தாழ 0.15 சதவீதம். 0.45க்கு இன்னும் 0.30 வேண்டும். 18 சதவீத டிசிபியில் டன்னுக்கு 16.7 கிலோ, முழுவதும் கிடைக்காது என்று கொஞ்சம் கூட்டினால் 17.7 கிலோ.

அந்தப் பூட்டைத் திறக்கும் பைட்டேஸ் நொதியைச் சேர்த்தால் இந்தக் கணக்கு மாறும். இந்த நொதி 1991இல் நெதர்லாந்தில் முதலில் சந்தைக்கு வந்தது. எருவில் வழியும் பாஸ்பரஸ் நீரைக் கெடுக்கிறது என்ற கவலை அங்கே அதைத் தள்ளியது. இங்கே டிசிபி விலை தள்ளுகிறது. கிலோ தீவனத்துக்கு 500 அலகு போட்டால் 0.10 முதல் 0.15 வரை பாஸ்பரஸ் விடுபடும் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 0.12 என்று வைத்தால் டிசிபி டன்னுக்குப் பத்து கிலோவுக்கு இறங்கும். பெல்லட் போடும் மில்லில் சூடு 80, 85 டிகிரியைத் தாண்டினால் சாதாரண பைட்டேஸ் செத்துப்போகும்; சூடு தாங்கும் பூச்சுள்ளதை வாங்க வேண்டும், அல்லது பெல்லட்டின் மேல் தெளிக்க வேண்டும். பைட்டேஸை நம்பி டிசிபியைக் குறைத்துவிட்டு, பைட்டேஸும் வேலை செய்யாமல் போனால் இரண்டு பக்கமும் அடி.

கால்சியம் விஷயத்தில் கூடுதலே ஆபத்து. கூடுதல் கால்சியம் பைட்டேட்டோடு சேர்ந்து பாஸ்பரஸை இன்னும் இறுக்கிப் பூட்டும். மேலே சொன்ன ஸ்டார்ட்டரில் டிசிபி 0.4, சோயா 0.1 சதவீதம் கால்சியம் தந்துவிடும். மீதி அரை சதவீதத்துக்கு டன்னுக்கு 13 கிலோ சுண்ணாம்புக்கல் போதும். முட்டைக்கோழித் தீவனம் அரைத்த மிக்சரில், அதே ஆள், அதே கை அளவில் கறிக்கோழிக்கும் சுண்ணாம்பு அள்ளுவது நம் பகுதியில் நடக்கக்கூடிய தவறு. முட்டைக்கோழிக்கு வேண்டிய கால்சியம் கறிக்கோழிக்கு வேண்டியதைப்போல் நான்கு பங்கு. இன்னொன்று, சேலம் மாவட்டம் மேக்னசைட் பூமி. வாங்கும் சுண்ணாம்புக்கல்லில் மக்னீசியம் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். டாலமைட் வகைக் கல் கோழிக்கு ஆகாது. எச்சம் இளகும், எலும்பும் கெடும்.

கோழியிடமே கேட்பது

புது டிசிபி வந்ததும் ஒரு ஷெட்டுக்குப் பழையதும் இன்னொன்றுக்குப் புதியதும் போட்டு, 35ஆம் நாள் எடை ஒன்றாக இருக்கிறது என்று இரண்டையும் ஒரே தரமாக எண்ணுவது வழக்கம். இந்தச் சோதனையால் எதுவும் தெரியாது. தேவைக்கு மேலேயே பாஸ்பரஸ் இருக்கும் தீவனத்தில் நல்ல சரக்கும் சுமாரான சரக்கும் ஒரே எடையைத்தான் காட்டும். குடம் நிரம்பி வழியும்போது எந்தக் குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தேவைக்குக் கீழே நிறுத்திவைத்து, அங்கிருந்து எந்தச் சரக்கு எவ்வளவு மேலே தூக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

செய்முறை இதுதான். பைட்டேஸ் இல்லாத அடிப்படைத் தீவனம் ஒன்று. கருவாட்டுத் தூளும் வேண்டாம், அதன் பாஸ்பரஸ் முழுவதும் கிடைத்துவிடும். நம்பகமான டிசிபியைக் கொஞ்சம் சேர்த்து, பூட்டாத பாஸ்பரஸை 0.20 சதவீதத்தில் நிறுத்துங்கள். இது முதல் தீவனம். இரண்டாவதில் அதே நம்பகமான டிசிபியிலிருந்து இன்னும் 0.10 சதவீதம். மூன்றாவதில் அந்த 0.10 சதவீதம் சோதிக்க வேண்டிய சரக்கிலிருந்து. நூறு கிலோ தீவனத்துக்கு 0.10 சதவீதம் என்பது 100 கிராம் பாஸ்பரஸ்: 18 சதவீத சரக்கானால் 556 கிராம், 16 சதவீதமானால் 625 கிராம். லேபிள் எண்ணை நம்பாமல் ஆய்வக எண்ணை வைத்தே அளவிடுங்கள். மூன்றிலும் கால்சியம் ஒன்றாக, 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி சுண்ணாம்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பாஸ்பரஸைக் குறைத்துக் கால்சியத்தை மட்டும் ஒரு சதவீதத்தில் விட்டால் குஞ்சுகள் கால் விழுந்து சாகும், சோதனையும் கெடும்.

ஒவ்வொரு தீவனத்துக்கும் ஆறு சிறு அடைப்புகள், அடைப்புக்குப் பத்துப் பதினைந்து குஞ்சு. ஒரே ஹேட்சரி, ஒரே நாள் குஞ்சு. அடைப்புகளை ஷெட்டில் கலந்து அமைக்க வேண்டும். மேற்குப் பக்க வெயில் முழுவதும் ஒரே தீவனத்தின்மேல் விழக் கூடாது. 21ஆம் நாள் எடை, தின்ற தீவனம் இரண்டையும் குறித்துக்கொண்டு, அடைப்புக்கு இரண்டு மூன்று கோழியிலிருந்து இடது கீழ்க்காலெலும்பை எடுக்க வேண்டும். சதையைச் சுரண்டி, கொழுப்பைக் கரைத்தெடுத்து, உலர்த்தி எடைபோட்டு, 600 டிகிரி உலையில் எரித்து, மிஞ்சும் சாம்பலின் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். இதை மில்லில் செய்ய முடியாது; கல்லூரி ஆய்வகத்தின் துணை வேண்டும். மிச்சக் கோழிகளை அன்றே முழுத் தீவனத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சாம்பல் முதல் தீவனத்தில் 36, இரண்டாவதில் 42, மூன்றாவதில் 41 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நம்பகமான சரக்கு 6 தூக்கியது, புதியது 5 தூக்கியது. புதியதன் மதிப்பு 83 சதவீதம். அதே கோழிகளில் எடையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும், ஏனென்றால் எடை உச்சத்தைத் தொடத் தேவையான பாஸ்பரஸைவிட எலும்புச் சாம்பல் உச்சத்தைத் தொடக் கூடுதல் வேண்டும். 83 சதவீதம் என்றால் சரக்கை ஒதுக்க வேண்டியதில்லை. விலையை அதே அளவு குறைத்துக் கேட்கலாம், அல்லது அளவைக் கூட்டிப் போடலாம்.

ஷெட்டில் கால் விழும்போது

கால் விழுந்த கோழியைக் கண்டதும் டிசிபியைத் திட்டுவது நியாயமில்லை. கீழே விழுந்ததில் ஒன்றை அறுத்துப் பாருங்கள். நல்ல காலெலும்பு சடக்கென்று முறியும். ரிக்கெட்ஸ் கண்டது ரப்பர்போல் வளையும். அலகும் வளையும், விலா எலும்பு முதுகோடு சேரும் இடத்தில் மணிமணியாகத் தடித்திருக்கும். மூன்றும் சேர்ந்து, இரண்டு மூன்று வார வயதில், ஷெட் முழுக்கப் பரவலாக இருந்தால் தீவனத் தாதுவையும் வைட்டமின் டி3யையும் சந்தேகியுங்கள். டி3 பிரீமிக்ஸ் வெயிலில் கிடந்ததா, தேதி தாண்டியதா என்பதும் கேள்வி. ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் நச்சும் ஜீரணத்தைக் கெடுத்து இதே கோலத்தை உண்டாக்கும்.

எலும்பு கெட்டியாக இருந்து, மூட்டு மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது தொற்று. தொடையெலும்பின் தலை பிடித்ததும் நொறுங்கினால் அதுவும் பெரும்பாலும் பாக்டீரியா வேலை. காலெலும்பை நெடுக்கில் பிளக்கும்போது மேல்முனையில் வெள்ளைக் குருத்தெலும்பு கட்டியாக இறங்கியிருந்தால், கால்சியத்துக்குப் பொருந்தாத அளவு பாஸ்பரஸ் மிகுந்ததும் காரணமாகலாம். அங்கே டிசிபியைக் கூட்டுவது நோயைக் கூட்டும். சித்திரை வெயிலில் தின்பது குறைந்து, கலவை சரியாக இருந்தும் வயிற்றுக்குள் போகும் பாஸ்பரஸ் போதாமல் போவதும் உண்டு.

ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் ஒவ்வொரு தீவன லோடிலும் ஒரு கிலோவை, மேலே சொன்னபடி குத்தூசியால் எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில், கோழி விற்றுக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள். கால் விழத் தொடங்கினால் செத்த கோழியை எடுத்துப் போவதைவிட, நொண்டும் கோழி மூன்றை உயிரோடு லத்துவாடிக்குக் கொண்டு போங்கள். கூடவே அந்த டப்பா, எந்த நாளில் எந்தத் தீவனம் மாறியது என்ற பதிவேடு, குடிநீர் ஒரு லிட்டர். சூப்பர்வைசருக்கு அன்றே வாட்ஸப்பில் படத்தோடு எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது.